யூரியாவுக்கு குட்பை சொல்லுமா நெல்? முதலில் அந்த குட்டிச் 'சார்ஜர்' புரதங்களைக் கவனிங்க!

காற்றிலிருந்தே உரம் தயாரிக்கும் பயிர் என்ற கனவு, நொதியோடு மட்டும் நிற்கவில்லை. அதற்கு எலக்ட்ரான் கொண்டுவரும் சின்னப் புரதங்களிடமும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

'இனி நெல்லே தனக்கான உரத்தைத் தயாரித்துக்கொள்ளும்', 'யூரியா மூட்டைக்கு குட்பை'. இப்படி ஒரு தலைப்பு சில மாதங்களுக்கு ஒருமுறை போன் திரையில் வந்து போகும். நாலு குரூப்பில் ஃபார்வர்டு ஆகும், அப்புறம் காணாமல் போய்விடும்.

செய்தி பொய் என்று சொல்ல முடியாது. ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு படி உண்மையிலேயே நகர்ந்திருக்கும். ஆனால் அந்தப் படியிலிருந்து வயலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. அந்தத் தூரத்தை அளக்க ஒரு எளிய கேள்வி போதும்: எலக்ட்ரான் எங்கிருந்து வருது?

கேட்க ரொம்ப டெக்னிக்கலாக இருக்கலாம். ஆனால் விவசாயியின் செலவு, அரசின் மானியக் கணக்கு, குடிக்கிற தண்ணீர் எல்லாமே இந்தக் கேள்வியோடு சம்பந்தப்பட்டவை.

யூரியா விஷயம் ஏன் இவ்வளவு பெருசு?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுக்கமாகக் கட்டப்பட்டவை. அந்தக் கட்டைப் பிரிக்காமல் எந்தப் பயிராலும் அதைப் பயன்படுத்த முடியாது.

1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஆய்வகத்தில் பிரித்துக் காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்று மண்டலத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தம் என இன்றைக்கும் அடிப்படை அதேதான். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாட்டுக்குப் பின்னால் இந்த முறை இருக்கிறது. உலகின் மொத்த எரிசக்தியில் சுமார் 1 முதல் 2 சதவீதத்தை இது சாப்பிடுகிறது.

இந்தியாவில் ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கும் அதிகமாக யூரியா செலவாகிறது. 45 கிலோ மூட்டையின் அடிப்படை விலை 242 ரூபாய் மட்டுமே. வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் தனி. உண்மையான செலவுக்கும் இந்த விலைக்கும் உள்ள இடைவெளியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு நிதியாண்டுகளிலும் யூரியாவுக்கான மானியம் மட்டுமே ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. யூரியா தயாரிக்கத் தேவையான இயற்கை எரிவாயுவில் பெரும் பகுதி இறக்குமதி. எங்கோ போர் நடந்தால், இங்கே உரக்கடையில் க்யூ நீள்வதற்குக் காரணம் இதுதான்.

போட்ட யூரியா எல்லாம் பயிருக்குப் போவதும் இல்லை. ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகிறது. அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு.

இதையே பாக்டீரியா எப்படிச் செய்கிறது?

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம். அங்கே குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியா, சாதாரண மண்ணின் வெப்பத்தில், எந்த அழுத்தமும் இல்லாமல் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. அதற்கு உதவும் நொதியின் பெயர் நைட்ரோஜினேஸ்.

இது இரண்டு பாகம் கொண்ட மெஷின். பெரிய பாகம், மாலிப்டினம்-இரும்புப் புரதம். நைட்ரஜன் உடைவது இதற்குள்தான். சின்ன பாகம், இரும்புப் புரதம். எலக்ட்ரானைக் கொண்டுவந்து பெரிய பாகத்திடம் சேர்ப்பது இதன் வேலை.

அந்த டெலிவரி நடக்கும் விதம் சுவாரஸ்யமானது. இரும்புப் புரதம் ஒரு எலக்ட்ரானோடு வந்து ஒட்டும். செல்லின் 'கரன்சி'யான ஏ.டி.பி. மூலக்கூறுகளில் இரண்டைச் செலவழிக்கும். எலக்ட்ரானை உள்ளே தள்ளிவிட்டுக் கழன்றுபோகும். மறுபடி சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரும். ஒரு ட்ரிப்புக்கு ஒரே ஒரு எலக்ட்ரான்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக மாற்ற குறைந்தது 8 எலக்ட்ரான், 16 ஏ.டி.பி. வேண்டும். அந்த 8-ல் 2 எலக்ட்ரான் அம்மோனியாவுக்கே போவதில்லை. ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும். ஆக, பாக்டீரியாவின் உரமும் ஃப்ரீ கிடையாது. பில் வேறு இடத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

அப்போ சார்ஜர் யார்?

இரும்புப் புரதத்துக்கு எலக்ட்ரான் கொடுப்பவர்கள் இன்னும் சின்னப் புரதங்கள். ஃபெரடாக்சின், ஃப்ளேவோடாக்சின் என இரண்டு வகை முக்கியமானவை.

ஃபெரடாக்சினின் உள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்து இருக்கும். நான்கு இரும்பு, நான்கு கந்தக அணுக்கள் கொண்ட கனசதுரம் இதில் பிரபலமான வடிவம். அதை நான்கு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் கவ்விப் பிடித்திருக்கும். ஃப்ளேவோடாக்சினில் இரும்பே கிடையாது. வைட்டமின் பி2-விலிருந்து உருவாகும் ஒரு மூலக்கூறு அதே வேலையைச் செய்யும். இரும்பு கிடைக்காத சூழலில் பல நுண்ணுயிர்கள் ஃபெரடாக்சினைக் குறைத்துவிட்டு இதற்கு மாறிக்கொள்கின்றன.

எந்தச் சார்ஜரையும் எந்தப் போனிலும் செருக முடியாது இல்லையா? இங்கேயும் மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்.

முதலாவது வோல்டேஜ். செல்லில் தாராளமாகக் கிடைக்கும் எலக்ட்ரான் கேரியர் என்.ஏ.டி.எச். அதன் அளவு மைனஸ் 320 மில்லிவோல்ட். நைட்ரோஜினேஸுக்கு அதைவிட வேகமான தள்ளு தேவை. அதாவது மைனஸ் 400-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ. இரண்டாவது வடிவம். இரண்டு புரதங்களின் மேற்பரப்பும் மின்சுமையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது தூரம். புரதத்துக்குள் எலக்ட்ரான் ஒரே தாவலில் வேகமாகக் கடக்கக்கூடிய தூரம் சுமார் 1.4 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் கரன்ட் கட்.

இந்த வோல்டேஜ் பிரச்சனையை ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒவ்வொரு மாதிரி சமாளிக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிளாஸ்ட்ரிடியம், பைருவேட் என்ற சர்க்கரைச் சிதைவுப் பொருளிலிருந்து நேராக ஃபெரடாக்சினுக்கு எலக்ட்ரானை ஏற்றுகிறது. கிளெப்சியெல்லா அதே பைருவேட்டிலிருந்து ஃப்ளேவோடாக்சினுக்கு ஏற்றுகிறது.

மண்ணில் வாழும் அசோட்டோபாக்டரின் டெக்னிக்தான் அழகு. கிணற்று உருளையில் இரண்டு வாளி கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கனமான வாளி கீழே இறங்கும் வேகத்தில் இன்னொரு வாளி மேலே வரும். அதேபோல 'ஃபிக்ஸ்' என்ற புரதக் கூட்டம் என்.ஏ.டி.எச். தரும் இரண்டு எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. ஒன்றைச் சுலபமான இறக்கத்தில் விடுகிறது. அதில் கிடைக்கும் ஆற்றலை வைத்து மற்றதை மேடேற்றி ஃப்ளேவோடாக்சினிடம் சேர்க்கிறது. 'ஆர்.என்.எஃப்.' என்ற இன்னொரு புரதக் கூட்டம் செல் சவ்வின் இருபுறமும் உள்ள அயனி வித்தியாசத்தை வைத்து இதே மேடேற்றும் வேலையைச் செய்கிறது.

55 அமினோ அமிலம் சொல்லும் பழைய கதை

ஃபெரடாக்சின் அறிமுகமானதே நைட்ரஜன் ஆய்வு மூலமாகத்தான். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் கிளாஸ்ட்ரிடியம் பாஸ்டூரியானம் என்ற பாக்டீரியாவை உடைத்து, அதன் சாற்றில் நைட்ரஜன் மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1962-ல் மார்டென்சன், வாலன்டைன், கார்னஹான் மூவரும் அந்தச் சாற்றிலிருந்து எலக்ட்ரான் கடத்தும் பழுப்பு நிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபெரடாக்சின்.

அதே ஆண்டு டகாவா, ஆர்னான் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வித்தியாசமான சோதனையை வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் ஃபெரடாக்சினைக் கீரையின் பசுங்கணிகத்தில் சேர்த்தால் அது அங்கேயும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது. ஆக்சிஜன் பட்டாலே ஆகாத ஒரு பாக்டீரியாவின் புரதம், ஆக்சிஜனையே தயாரிக்கும் கீரையில் வேலை செய்கிறது! இத்தனைக்கும் கீரையின் ஃபெரடாக்சினும் பாக்டீரியாவின் ஃபெரடாக்சினும் மடிப்பிலும் வடிவத்திலும் வேறு வேறு. கீரையினுடையதில் இரண்டு இரும்பு மட்டுமே.

1966-ல் ரிச்சர்ட் எக், மார்கரெட் டேஹாஃப் இருவரும் கிளாஸ்ட்ரிடியம் ஃபெரடாக்சினின் 55 அமினோ அமில வரிசையை உன்னிப்பாகப் பார்த்தார்கள். முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஜெராக்ஸ் எடுத்தது போல ஒத்திருந்தன. ஒரு சின்னப் புரதம் இரட்டிப்பாகித்தான் இது வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்தச் சின்னப் புரதமும் நான்கே நான்கு எளிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்த வரிசையிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்றார்கள். உயிர் தொடங்கிய காலத்தின் மிச்சம் இன்றைய புரதத்தில் தெரியும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கட்டுரை பெரிய அடித்தளம் போட்டது. 1973-ல் வேறொரு பாக்டீரியாவின் இதே வகை ஃபெரடாக்சினைப் படிக வடிவில் பார்த்தபோது, பாதிக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கொத்துகள் தெரிந்தன.

இந்தப் புரதங்கள் தோன்றிய பூமி வேறு மாதிரி. கடலில் கரைந்த இரும்பு ஏராளம், காற்றில் ஆக்சிஜன் கிடையாது. பாறைகளில் பதிந்த நைட்ரஜன் ஐசோடோப்பு தடயங்களை வைத்து, சுமார் 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் நைட்ரஜனை நிலைநிறுத்தின என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

பரிணாமம் நல்ல பார்ட்ஸை வீணாக்குவதில்லை. நைட்ரோஜினேஸின் இரும்புப் புரதத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு வேலைகளிலும் இருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதி பச்சையம் தயாரிக்கும் ஒரு கட்டத்தில், வெளிச்சமே இல்லாமல் எலக்ட்ரான் கொடுக்கிறது. நெல்லிலும் மற்ற பூக்கும் தாவரங்களிலும் அது இல்லை. அதனால்தான் இருட்டில் முளைத்த பயறு வெளுத்துக் கிடக்கிறது. பைன் வகை மரங்களில் அது இருப்பதால் அவற்றின் நாற்று இருட்டிலும் பச்சையாகும். அடுத்த முறை கொடைக்கானல் பைன் காட்டில் ரீல்ஸ் எடுக்கும்போது இது ஞாபகம் வரலாம்.

ஆக்சிஜன் என்ற வில்லன்

ஆக்சிஜன் இல்லாத காலத்தில் உருவானதால், இன்றைய காற்று நைட்ரோஜினேஸுக்கு விஷம். குறிப்பாக இரும்புப் புரதம் காற்றில் பட்டால் ஒரு நிமிடத்துக்குள் பாதி செயலிழந்துவிடும்.

தப்பிக்கவும் பல வழிகள் உருவாகின. நிலக்கடலை முடிச்சின் இளஞ்சிவப்பு நிறம் ஒரு வழி. அது ஆக்சிஜனைப் பிடித்து அளந்து கொடுக்கும் லெக்ஹீமோகுளோபின். நெல் வயலில் விடும் அசோலாவுக்குள் வாழும் அனபீனா, நைட்ரஜன் வேலைக்கென்றே தடித்த சுவருள்ள தனி செல்களை வைத்திருக்கிறது. அந்தச் செல்களில் ஆக்சிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கைப் பகுதி ஓய்ந்துவிடும். தனியாக ஒரு ஃபெரடாக்சின் அங்கே எலக்ட்ரான் சப்ளையைப் பார்த்துக்கொள்ளும்.

அசோட்டோபாக்டரில் இன்னும் ஒரு ஆச்சரியம். ஷெத்னா என்ற ஆய்வாளரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு குட்டி இரும்பு-கந்தகப் புரதம் அதில் உண்டு. ஆக்சிஜன் ஏறியவுடன் இது நைட்ரோஜினேஸின் இரண்டு பாகங்களோடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மெஷின் நின்றுவிடும், ஆனால் கெடாது. ஆபத்து நீங்கினால் பிரிந்துவிடும், வேலை மறுபடி தொடங்கும். அந்தக் கூட்டணி நீண்ட இழை போல அடுக்கப்பட்டிருப்பதை 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகள் அணு அளவில் காட்டின. எலக்ட்ரான் கடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் இங்கே ஃப்யூஸ் வேலை பார்க்கிறது.

நெல்லுக்குள் வைப்பதில் என்ன சிக்கல்?

இப்போது தலைப்புச் செய்திக்குத் திரும்பலாம். நைட்ரோஜினேஸ் மரபணுக்களைச் செடியின் செல்லில் வைப்பதாக இருந்தால் இரண்டு அறைகள் சாத்தியம். ஒன்று பசுங்கணிகம். மற்றொன்று மைட்டோகாண்ட்ரியா.

பசுங்கணிகத்தில் ஃபெரடாக்சின் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க ஆக்சிஜன் உற்பத்தியாவதும் அங்கேதான். மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடம் என்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. 2016-ல் மாட்ரிட் ஆய்வுக் குழு ஒன்று ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் செயல்படும் நிலையில் இரும்புப் புரதத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனால் அந்த அறையின் சார்ஜர் வேறு மாடல்.

சீனாவின் பீகிங் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் ஜான் இன்னஸ் மையமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஈ.கோலை பாக்டீரியாவில் நைட்ரோஜினேஸை வைத்து, அதன் சொந்தச் சார்ஜரை எடுத்துவிட்டுத் தாவரப் புரதங்களை மாட்டிப் பார்த்தார்கள். பசுங்கணிக ஃபெரடாக்சின் வேலை செய்தது. வேரில் உள்ள கணிகங்களின் ஃபெரடாக்சினும் வேலை செய்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ஃபெரடாக்சின் ஒத்துழைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு புரதத்தோடு வெளியிலிருந்து பொருத்தமான ஃபெரடாக்சினைச் சேர்த்து 'கலப்பு சார்ஜர்' செய்தபோது எலக்ட்ரான் ஓடியது.

ஆக, சார்ஜர் இருக்கும் அறையில் வில்லன் இருக்கிறான். வில்லன் குறைவாக இருக்கும் அறையில் சார்ஜர் பொருந்தவில்லை. வெளிச்சம் படாத வேர்க் கணிகம், கலப்பு சார்ஜர் என வழிகள் தெரிகின்றன. ஆனால் இந்த ஒப்பீடு நடந்தது பாக்டீரியாவுக்குள். வயலில் நிற்கும் செடியில் அல்ல.

இயற்கை ஒரு முறை இதைச் செய்து முடித்திருக்கிறது. ஒரு கடல் பாசிக்குள் குடிவந்த நீலப்பச்சை நுண்ணுயிர் ஒன்று, அந்தப் பாசியின் செல் உறுப்பாகவே மாறிவிட்டது என 2024 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. 'நைட்ரோபிளாஸ்ட்' என்று அதற்குப் பெயர். இதிலும் ஆக்சிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கைப் பகுதி காணாமல் போயிருக்கிறது. எலக்ட்ரானைத் தள்ளும் பகுதி பத்திரமாக இருக்கிறது. பரிணாமத்துக்கும் எலக்ட்ரான் சப்ளைதான் பேரம் பேச முடியாத விஷயம்.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது...

யூரியாவைக் குறைக்கும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கது. ஆனால் நம்பிக்கை வேறு, விளம்பரம் வேறு. 'உரம் தேவையில்லாத பயிர்' என்ற அறிவிப்பு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எலக்ட்ரானை எந்தப் புரதம் கொடுக்கிறது? ஆக்சிஜனிடமிருந்து பாதுகாப்பு என்ன? 16 ஏ.டி.பி.க்கான சர்க்கரை யார் கணக்கிலிருந்து போகிறது? செடி அந்தச் சர்க்கரையை உரம் தயாரிக்கச் செலவழித்தால் கதிரில் மணி குறையுமா என்பது விவசாயியின் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான்.

கொள்கை வகுப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1962-ல் ஃபெரடாக்சினைத் தேடியவர்கள் கையில் நெல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. பாக்டீரியா சாற்றில் எலக்ட்ரான் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்தார்கள். இன்றைய மொத்த கனவும் அந்த அடிப்படை ஆய்வின் மேல் நிற்கிறது. உர மானியத்துக்கு லட்சம் கோடி ஒதுக்கும் நாடு, அந்த மானியத்தைக் குறைக்க உதவும் அடிப்படை அறிவியலுக்கு 'எப்போ ரிசல்ட்?' என்று ஆண்டுதோறும் கெடு வைக்கக் கூடாது. புரத அமைப்பைப் படிக்கும் ஆய்வகங்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கான நிலையான நிதி வேண்டும்.

அதுவரை கைவசம் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்தலாம். உளுந்து, பயறு சுழற்சி, தக்கைப்பூண்டு மடக்கி உழுதல், அசோலா, அசோஸ்பைரில்லம் பாக்கெட் எல்லாமே இதே புரதங்களை நம்பித்தான் ஓடுகின்றன. பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்பதால், வெயிலில் கிடந்து செத்துப்போன சரக்கை விற்பதும் வாங்குவதும் வீண். விற்கும் இடத்தில் தேதியையும் சேமிப்பையும் கண்காணிப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. உடனே தொடங்கலாம்.

நெல் தன் உரத்தைத் தானே தயாரிக்கும் நாள் வரலாம். அன்றைக்கு அந்தச் செடியில் நைட்ரோஜினேஸ் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு நிமிடத்துக்கு நிமிடம் எலக்ட்ரான் கொண்டுவந்து கொடுக்கும், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு குட்டிப் புரதமும் கூடவே இருந்தாக வேண்டும்.